படுத்தால், புரண்டால் சுற்றும் தலை: கோளாறு எந்தக் காதில் என்று கண்டுபிடிப்பது எப்படி?

கம்பம் பள்ளத்தாக்கில் இந்தத் தலைசுற்றல் பெரும்பாலும் இரண்டு இடங்களில்தான் ஆளைப் பிடிக்கிறது. ஒன்று திராட்சைப் பந்தலுக்கு அடியில். குலை வெட்டவோ கவாத்து பார்க்கவோ அண்ணாந்த கணத்தில் பந்தலே கவிழ்வது போல இருக்கும். இன்னொன்று மலைக்கு மேலே, கேரளப் பக்கத்து ஏலத்தோட்டத்தில். ஏலக்காய் செடியின் அடியில், சரம் சரமாகத் தரையோடு கிடக்கும். காய் எடுப்பவர் நாள் முழுக்கக் குனிந்து நிமிர்ந்தாக வேண்டும்.

ஆனால் இரண்டு பேரையும் கேட்டால், அதற்கு முன்பே விடியற்காலையில் படுக்கையில் ஒரு தடவை சுற்றியிருக்கும். ஜீப்புக்கு நேரமாகிவிட்டது என்று அதைக் கவனிக்காமல் ஓடியிருப்பார்கள். அப்புறம் பித்தம் என்பார்கள், கம்பம்மெட்டு மலைப்பாதை வளைவு என்பார்கள், வெறும் வயிறு என்பார்கள்.

நான் இங்கே பிசியோதெரபி பார்க்கிறேன். என் அம்மாவுக்கு இது வந்தபோது நாலு மாதம் மாத்திரை சாப்பிட்டார். தலைக்கு ஸ்கேன் எடுத்து ஒன்றுமில்லை என்றார்கள். அந்த நாலு மாதத்தில் ஒருவர்கூட அவரைப் படுக்கவைத்துக் கண்ணைப் பார்க்கவில்லை. கடைசியில் ஒருவர் பார்த்தார், பத்து நிமிடத்தில் சரிசெய்தார். அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். எந்தக் காது என்பதை ஸ்கேன் சொல்லாது. படுக்கவைத்தால் கண் சொல்லும்.

இந்த அறிகுறி இருந்தால் வீட்டில் எதையும் செய்ய வேண்டாம்

தலைசுற்றலோடு பேச்சு குழறுவது, ஒரு பொருள் இரண்டாகத் தெரிவது, வாய் கோணுவது, ஒரு பக்கக் கை கால் மரத்துப்போவது, விழுங்க முடியாமல் போவது, பிடித்துக்கொண்டும் நிற்க முடியாதது, இதுவரை வராத அளவு தலைவலியோ கழுத்துவலியோ திடீரென வருவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் 108-ஐ அழையுங்கள். எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அதே எண்தான். பக்கவாதமாக இருக்கலாம், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது. ஒரு காது திடீரென்று கேட்காமல் போனாலும் அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

எழுந்து நின்றால் மட்டும் கண் இருட்டுகிறது

படுக்கையில் எத்தனை தடவை புரண்டாலும் ஒன்றும் இல்லை, எழுந்து நிற்கும்போதுதான் கிறுகிறுக்கிறது என்றால் காதை விட்டுவிடுங்கள். ஐந்து நிமிடம் படுக்கவைத்து ரத்த அழுத்தம் பாருங்கள். பிறகு நிற்கவைத்து ஒரு நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் பாருங்கள். மேல் அளவு 20, அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் காரணம் அதுதான். அழுத்தத்துக்கான மாத்திரை, நீர் குறைவு, ரத்தசோகை என்று மருத்துவர் தேடுவார்.

நிற்காமல் சுற்றுகிறது

அசையாமல் கிடந்தாலும் ஒரு நாள், இரண்டு நாள் விடாமல் சுற்றி வாந்தி வந்தால், அது காதின் சமநிலை நரம்பு வீக்கமாக இருக்கலாம், மூளைக் கோளாறாகவும் இருக்கலாம். மருத்துவமனையில்தான் பிரித்துச் சொல்ல முடியும். இருபது நிமிடம் முதல் சில மணி நேரம் வரை சுற்றி, கூடவே ஒரு காது அடைத்து இரைந்தால் மெனியர் என்ற உள்காது நோயா என்று பார்க்க வேண்டும். ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கு, வெளிச்சமும் சத்தமும் பிடிக்காமல் சுற்றினால் அது மைக்ரேன் வகை. இந்த மூன்றுக்கும் கீழே வரும் வழி பொருந்தாது.

புரண்டால், குனிந்தால், அண்ணாந்தால் அரை நிமிடம் சுற்றி நிற்கிறது

இதுதான் நம் விஷயம். பி.பி.பி.வி (BPPV) என்று சீட்டில் எழுதியிருப்பார்கள். தலையின் நிலை மாறும்போது மட்டும் திடீரென்று வந்து போகும், ஆபத்தில்லாத தலைசுற்றல் என்று அர்த்தம்.

உள்காதில் யூட்ரிகிள் என்று ஒரு சிறு பை இருக்கிறது. அதில் கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புத் துகள்கள் ஒட்டியிருக்கும். வயதாலோ, தலையில் அடி பட்டதாலோ, பல நேரம் சொல்லத்தக்க காரணமே இல்லாமலோ சில துகள்கள் கழன்று, பக்கத்தில் இருக்கும் அரைவட்டக் குழாய்க்குள் போய்விடும். ஒவ்வொரு காதிலும் இப்படி மூன்று குழாய்கள். தலையைச் சாய்த்ததும் துகள் உருளும், குழாயில் இருக்கும் திரவத்தை இழுக்கும். தலை நின்ற பிறகும் அது சுற்றுகிறது என்று அந்தக் காது மூளைக்குச் சொல்லும். இன்னொரு காது இல்லை என்று சொல்லும். துகள் அடியில் போய்ப் படிந்ததும் சுற்றல் நின்றுவிடும். அரை நிமிடக் கணக்கு அங்கிருந்துதான் வருகிறது.

பெரும்பாலானோருக்குத் துகள் போவது பின்புறக் குழாய்க்கு. காதுக்குள் தாழ்வான பகுதி அது. கொஞ்சம் பேருக்குப் பக்கவாட்டுக் குழாய். முன்புறக் குழாய்க்குப் போவது மிக அபூர்வம். ஐம்பது வயதுக்கு மேல் அதிகமாக வரும், ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம்.

கேரளப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே போய் "மயக்கம்" என்று சொல்லாதீர்கள். மலையாளத்தில் மயக்கம் என்றால் அரைத்தூக்கம் போலக் கிடப்பது. உங்கள் நோய் வேறு எங்கோ போய்விடும். "திரிஞ்ஞு கிடக்கும்போள் தலகறக்கம்" என்று சொல்லுங்கள். புரண்டு படுக்கும்போது சுற்றுகிறது என்ற அந்த ஒரு வாக்கியத்திலேயே பாதி நோயறிதல் முடிந்துவிடும்.

எந்தக் காது? படுக்கவைத்துப் பார்க்கும் முறை

லண்டனில் டிக்ஸ், ஹால்பைக் என்ற இருவர் 1952-ல் எழுதிவைத்த சோதனை இது. இதற்குக் கருவி வேண்டாம், ஒரு கட்டில் போதும். கழுத்தில் தட்டு விலகியவர்கள், கழுத்தில் அறுவை செய்தவர்கள், விழித்திரை விலகியவர்கள், சமீபத்தில் பக்கவாதம் வந்தவர்கள் ஆகியோருக்கு வீட்டில் செய்யாதீர்கள். மற்றவர்களுக்கும் பக்கத்தில் ஒரு ஆள் கட்டாயம் இருக்க வேண்டும். முதல் தடவை மருத்துவரிடமோ பழகிய பிசியோவிடமோ செய்துகொள்வதுதான் சரி. அவர்கள் என்ன தேடுகிறார்கள் என்று தெரிந்தால் நீங்களும் கூட நின்று பார்க்கலாம்.

கட்டிலில் காலை நீட்டி உட்காரவைக்கவும். படுத்தால் தோள்பட்டைக்கு அடியில் வரும்படி ஒரு தலையணை. வலது காதைச் சோதிக்க, தலையை வலப்பக்கம் 45 டிகிரி திருப்ப வேண்டும். மூக்கு நேர் முன்பக்கத்துக்கும் வலது தோளுக்கும் நட்டநடுவே இருந்தால் அளவு சரி. கண்ணைத் திறந்தே வைத்திருக்கச் சொல்லி, அந்தத் திருப்பல் மாறாமல் சட்டென்று மல்லாக்கப் படுக்கவைக்கவும். தலை தலையணைக்கு அப்பால் ஒரு 20 டிகிரி பின்னால் சரிந்திருக்க வேண்டும்.

இப்போது வாய்விட்டு எண்ணுங்கள். பெரும்பாலும் படுத்தவுடனே சுற்றாது. சில வினாடி கழித்துத்தான் கிளம்பும். ஏறும், உச்சிக்குப் போகும், ஒரு நிமிடத்துக்குள் அடங்கும். அந்த நேரத்தில் கண்ணைப் பாருங்கள், முடிந்தால் செல்போனில் படம் எடுங்கள். கருவிழி நெற்றிப் பக்கம் வெட்டி வெட்டித் துள்ளும். கூடவே, கருவிழியைக் கடிகாரமாக நினைத்தால், பன்னிரண்டு மணி இருக்கும் மேல் விளிம்பு தரையைப் பார்த்த காதின் பக்கம் சுழன்று சுழன்று இழுக்கும். மருத்துவர்கள் இதை நிஸ்டாக்மஸ் என்பார்கள். எழுப்பி உட்காரவைத்தால் எதிர்த்திசையில் கொஞ்சம் ஆடும். உடனே மறுபடி செய்தால் முன்பைவிடக் குறைவாக வரும்.

வலப்பக்கம் படுத்து இதெல்லாம் வந்தால் வலது காது. சில நிமிடம் கழித்து இடப்பக்கமும் செய்தே ஆக வேண்டும். ஒரு பக்கம் கிடைத்துவிட்டது என்று நிறுத்துவதுதான் நான் அதிகமாகப் பார்க்கும் தவறு.

சுற்றல் எந்தப் பக்கம் என்று நோயாளி சொல்வதை மட்டும் நம்பாதீர்கள். "இடப்பக்கம் திரும்பினாத்தான்க்கா சுத்துது" என்று சத்தியம் செய்வார், சோதித்தால் வலது காதாக இருக்கும். அவர் பொய் சொல்லவில்லை. வலப்பக்கம் சுற்றுகிறது என்று வாரக்கணக்கில் அந்தப் பக்கம் படுக்காமலே விட்டிருப்பார்.

ஒரு பக்கம் மட்டும் சுற்றுகிறது

சுலபமான நிலை இதுதான். அமெரிக்கரான எப்லி 1992-ல் வெளியிட்ட முறை, பெரும்பாலானோருக்கு ஒன்று முதல் மூன்று தடவையில் பலன் தருகிறது. வலது காது என்றால், வலப்பக்கம் 45 டிகிரி திருப்பிப் படுத்த அதே நிலையில் சுற்றல் நின்று இன்னும் அரை நிமிடம் ஆகும்வரை காத்திருக்கவும். தலையைத் தூக்காமல் இடப்பக்கம் 90 டிகிரி திருப்பவும். காத்திருக்கவும். பிறகு உடம்போடு இடப்பக்கம் ஒருக்களித்து, முகம் தரையைப் பார்க்கும்படி இன்னொரு 90 டிகிரி. காத்திருக்கவும். தாடையை நெஞ்சுப் பக்கம் வைத்தபடி கால்களைத் தொங்கவிட்டு எழுந்து உட்காரவும். துகள் குழாயைச் சுற்றி வந்து மறுபடி அந்தப் பைக்குள்ளேயே விழ வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. இடது காதுக்கு எல்லாமே எதிர்ப்பக்கம்.

இரண்டாவது மூன்றாவது நிலையில் கண் மறுபடி ஆடினால் கவனியுங்கள். முதலில் ஆடிய அதே திசையில் ஆடினால் துகள் சரியான வழியில் போகிறது. எதிர்த்திசையில் ஆடினால் பின்னால் திரும்பிவிட்டது, பிறகு இன்னொரு தடவை செய்ய வேண்டியிருக்கும்.

உட்காரும் நேரத்தில் தோளைப் பிடித்துக்கொள்ளுங்கள். துகள் பைக்குள் விழும் அந்தக் கணத்தில் சிலருக்குத் தரை நழுவுவது போல ஒரு தள்ளாட்டம் வரும். கட்டிலோடு பின்னால் சாய்ந்து விழுந்தவரை நான் பார்த்திருக்கிறேன்.

முடிந்ததும் இரண்டு நாள் உட்கார்ந்தே தூங்க வேண்டும், கழுத்துப் பட்டை போட வேண்டும் என்று முன்பு சொல்வார்கள். அது தேவையில்லை என்று அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கத்தின் 2017 வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்லிவிட்டது. சுற்றலை அமுக்கும் மாத்திரையை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்பதும் அதிலேயே இருக்கிறது.

இரண்டு பக்கமும் சுற்றுகிறது

இங்கேதான் பலரும் வழி தவறுகிறார்கள். இரண்டு பக்கமும் சுற்றினால் இரண்டு காதிலும் கோளாறு என்று உடனே முடிவு கட்டக் கூடாது. மூன்று வாய்ப்பு இருக்கிறது, நான் இந்த வரிசையில்தான் தேடுவேன்.

முதலில், ஒரே காதின் பக்கவாட்டுக் குழாய். மல்லாக்கப் படுத்தபடி வலது இடது இரண்டு பக்கமும் தலையைத் திருப்பினால் சுற்றும், வழக்கத்தைவிடக் கடுமையாகவே சுற்றும், வாந்தியும் வரும். இங்கே கண் மேலும் கீழும் துள்ளாது, சுழலாது. ரயில் ஜன்னலில் வேடிக்கை பார்ப்பவர் கண் போலக் கிடையாக வெட்டும். சோதிக்கும் முறையும் வேறு. தலைக்கு அடியில் தலையணை வைத்து ஒரு 30 டிகிரி உயர்த்தி, தலையை ஒரு பக்கம் 90 டிகிரி சட்டென்று திருப்பிப் பார்க்க வேண்டும். நடுவுக்கு வந்து, அடங்கியதும் மறுபக்கம். இரண்டு பக்கமும் கண் தரையை நோக்கி வெட்டினால், எந்தப் பக்கம் கடுமையாக ஆடுகிறதோ அந்தக் காது. இரண்டு பக்கமும் கூரையை நோக்கி வெட்டினால் கணக்கு தலைகீழ், ஆட்டம் குறைவான பக்கம்தான் நோயுள்ள காது.

தரையை நோக்கி வெட்டும் வகைக்கு எப்லி முறை உதவாது. மல்லாக்கப் படுத்த நிலையிலிருந்து நல்ல காதின் பக்கமாக 90 டிகிரி 90 டிகிரியாக, ஒவ்வொன்றிலும் அரை நிமிடத்துக்குக் குறையாமல் நிறுத்தி, ஒரு முழுச் சுற்று உருள வேண்டும். அன்றிரவு நல்ல காது கீழே இருக்கும்படி ஒருக்களித்துப் படுப்பதும் உதவும். கூரையை நோக்கி வெட்டும் வகையை வீட்டில் தொடாதீர்கள். அது பிடிவாதமானது, பழகிய கை வேண்டும்.

இரண்டாவது, சோதனையே தவறு. வலது காதின் பின்புறக் குழாயில் துகள் இருக்கிறது என்று வையுங்கள். இடப்பக்கம் சோதிக்கும்போது தலையை 45 டிகிரிக்குப் பதில் ஒப்புக்குக் கொஞ்சமாகத் திருப்பிப் படுக்கவைத்தால், வலது காதுக் குழாயும் அந்த வீச்சில் அகப்பட்டு அதன் துகளும் உருளும். இடப்பக்கமும் சுற்றுகிறதே என்று தோன்றும். இதைப் பிடிக்க இரண்டு அடையாளம். பொய்ப் பக்கத்தில் ஆட்டம் பலவீனமாக இருக்கும். அதைவிட முக்கியம் சுழலும் திசை. இடப்பக்கம் படுத்திருக்கும்போது கருவிழியின் மேல் விளிம்பு வலது காதை நோக்கிச் சுழன்றால், அது வலது காது பேசுவது. பத்து நிமிடம் கழித்து 45 டிகிரியைச் சரியாகப் பிடித்து மறுபடி சோதியுங்கள். கழுத்து இறுகிய பெரியவர்களுக்கு இந்தத் தவறு எளிதாக நடந்துவிடும். அவர்களை ஒருக்களித்துப் படுக்கவைத்துச் சோதிப்பது மேல். சோதிக்கும் காதுக்கு எதிர்ப்பக்கம் 45 டிகிரி முகத்தைத் திருப்பி, அந்தக் காதின் பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைக்க வேண்டும்.

இதற்குப் பிறகுதான் மூன்றாவது: உண்மையாகவே இரண்டு காது. வலப்பக்கம் படுத்தால் வலது காதை நோக்கிய சுழல், இடப்பக்கம் படுத்தால் இடது காதை நோக்கிய சுழல், இரண்டும் தெளிவாக. இப்படி வந்தால் நான் முதலில் கேட்பது, "சமீபத்துல தலையில அடி ஏதும் பட்டுச்சாக்கா?" என்பதுதான். இரண்டு காதும் ஒன்றாகக் கெடுவது மற்றவர்களைவிடத் தலையில் அடிபட்டவர்களுக்கு அதிகம். நெடுங்கண்டம் பக்கம் காய் எடுக்கப் போகும் ஒரு அக்கா இல்லவே இல்லை என்றார். போகிற நேரத்தில், ஜீப் பள்ளத்தில் இறங்கியபோது மேல்கம்பியில் தலை இடித்ததைச் சொன்னார். இறங்கி வேலைக்குப் போய்விட்டாராம், அதை அடி என்றே அவர் கணக்கில் வைக்கவில்லை.

இரண்டு காதும் என்றால் ஆட்டம் அதிகமுள்ள பக்கத்தை முதலில் செய்ய வேண்டும். நான் ஒரே நாளில் இரண்டையும் செய்வதில்லை. வலது காதுக்குத் தலையைத் திருப்பும்போதே இடது காதுத் துகளும் நகரும், எது எதனால் என்று அப்புறம் பிரிக்க முடியாது. ஒரு வாரம் விட்டு இரண்டு பக்கமும் புதிதாகச் சோதித்து, மிச்சமுள்ள பக்கத்தைச் செய்வேன். நாள் கூடுதலாகும் என்பதை முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் "பாதிதானே குறைஞ்சிருக்கு" என்று நடுவில் விட்டுவிடுவார்கள்.

எந்தப் பக்கம் படுத்தாலும் கண் பாதத்தை நோக்கிக் கீழே வெட்டுகிறது, தாமதமில்லாமல் தொடங்குகிறது, படுத்திருக்கும்வரை நிற்கவே இல்லை என்றால் சோதனையை அங்கேயே நிறுத்துங்கள். அது மூளையிலிருந்து வருவதாக இருக்கலாம். அங்கேதான் ஸ்கேனுக்கு உண்மையான வேலை. தேனியைத் தாண்டி க.விலக்கில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போல நரம்பியலும் காது மூக்கு தொண்டையும் சேர்ந்த இடத்துக்குப் போக வேண்டும்.

சுற்றுகிறது, ஆனால் கண் ஆடவில்லை

அன்று காலை சுற்றல் மாத்திரை போட்டாரா என்று கேளுங்கள். ஆட்டத்தை அது மழுக்கிவிடும். மருத்துவரிடம் கேட்டுவிட்டு, மாத்திரை இல்லாத நாளில் சோதியுங்கள். ஒரு புள்ளியையே உற்றுப் பார்த்தாலும் ஆட்டம் அடங்கும். சிலருக்குக் காத்திருப்பு அறையிலேயே பத்து முறை குனிந்து நிமிர்ந்து ஆட்டம் களைத்துப்போயிருக்கும், காலையில் முதல் வேலையாகச் சோதித்தால் தெரியும்.

செய்த பிறகு சுற்றல் வேறு மாதிரி ஆகிவிட்டது

முன்பு ஒரு பக்கம் சுழன்றது, இப்போது இரண்டு பக்கமும் கிடையாக, இன்னும் கடுமையாக என்றால் பயப்பட வேண்டாம். வெளியே வந்த துகள் பக்கவாட்டுக் குழாயில் நுழைந்திருக்கும். மேலே சொன்ன பக்கவாட்டுச் சோதனையிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். எதுவுமே மாறவில்லை, சரியான பக்கம் மூன்று தடவை செய்தும் அப்படியே இருக்கிறது என்றால் நோயறிதலையே சந்தேகப்பட வேண்டும், நிபுணரிடம் அனுப்ப வேண்டும்.

சுற்றல் போய்விட்டது, மிதக்கிற மாதிரி இருக்கிறது

படகிலிருந்து இறங்கியது போல ஒரு லேசான தன்மை சில நாள், சிலருக்குச் சில வாரம் இருக்கும். அதற்கு மாத்திரை போட்டுப் படுத்துக்கொண்டால் நீளும். நடக்க வேண்டும், தலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். ஆனால் சோதனையில் இரண்டு பக்கமும் சுத்தமாக இருக்கிறது என்று உறுதியாகும்வரை ஏணி, கிணற்று மேடு, பைக் மூன்றும் வேண்டாம். பந்தல் வேலைக்குப் போகிறவர் கொஞ்ச நாள் அண்ணாந்து பார்க்காமல் கீழ் வேலை கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

இது திரும்பி வரக்கூடிய நோய். ஐந்து வருடத்துக்குள் ஏறத்தாழ பாதிப் பேருக்கு மறுபடி வருகிறது. வைட்டமின் டி குறைவாக இருந்தவர்களுக்கு அதையும் கால்சியத்தையும் கொடுத்தபோது திரும்ப வருவது குறைந்ததாகக் கொரியாவில் நடந்த ஆய்வு 2020-ல் வெளியானது. அதனால் இரண்டாம் தடவை வருகிறவர்களை ரத்தத்தில் வைட்டமின் டி அளவு பார்க்கச் சொல்கிறேன். அம்மாவுக்கு மூன்று வருடத்தில் இரண்டு தடவை வந்தது. முதல் தடவை வலது காது என்று சமையலறை நாட்காட்டியில் எழுதி வைத்திருந்தோம். இரண்டாம் தடவை அதைப் பார்த்துவிட்டு நேராக வலது பக்கம் படுக்கப் போனார். நிறுத்தி, இரண்டு பக்கமும் சோதித்துப் பார்த்தேன். இந்தத் தடவை இடது.